வேலூரில் லாட்ஜ் கட்டுகிறோம். எஃப்ஆர், எஃப்ஆர்எல்எஸ், எச்எஃப்எஃப்ஆர்: எந்த வயர் போடுவது?

சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் தரைத்தளமும் மூன்று மாடியுமாக, நோயாளிகள் குடும்பத்தோடு தங்கும் லாட்ஜ் என்று எழுதியிருக்கிறீர்கள். வயர்மேன் எஃப்ஆர் போதும் என்கிறார், கடைக்காரர் எஃப்ஆர்எல்எஸ் என்கிறார், இன்ஜினியர் எச்எஃப்எஃப்ஆர் கேட்கிறார். நான் இந்த ஊரில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன். உங்கள் இன்ஜினியர் சொல்வதைக் கேளுங்கள் என்பதுதான் என் பதில். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ சொந்த வீடு கட்டுகிறேன் என்று கேட்டிருந்தால் எஃப்ஆர்எல்எஸ் என்று சொல்லியிருப்பேன்.

மூன்றிலும் உள்ளே ஓடுவது அதே செம்பு. மாறுவது மேலே இருக்கும் உறை மட்டும். எஃப்ஆர் (ஃபிளேம் ரிடார்டன்ட், தீ பரவலைத் தடுப்பது) என்பது நெருப்பை எடுத்ததும் தானாக அணையும்படி மருந்து சேர்த்த பிவிசி. அது தொடர்ந்து எரிய, சுற்றியுள்ள காற்றில் குறைந்தது 29 சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்பது கணக்கு; நாம் மூச்சு விடும் காற்றில் இருப்பது 21. அதனால் ஒற்றை வயரில் தீ பரவாமல் நின்றுவிடும். ஆனால் பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எஃப்ஆர் வயர் சூட்டில் கருகும்போது கன்னங்கரேலென்ற புகையும், கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். எஃப்ஆர்எல்எஸ் என்பது புகை குறைவாக வரும் (லோ ஸ்மோக்) எஃப்ஆர் பிவிசி; அதில் அந்த அமில வாயு எடைக்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, புகைக்கும் ஒரு வரம்பு உண்டு. எச்எஃப்எஃப்ஆர் என்றால் ஹாலஜன் (குளோரின் போன்றவை) இல்லாத ஃபிளேம் ரிடார்டன்ட்; அதில் குளோரினே கிடையாது. அமில வாயு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உறையில் கலந்திருக்கும் தாதுப்பொடி சூடானால் நீராவியை விட்டுத் தீயைக் குளிர்விக்கிறது. புகை வந்தாலும் மெல்லியதாக, ஆள் வழி பார்த்து இறங்கும் அளவில் இருக்கும்.

உங்கள் கட்டடத்தில் யார் தங்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் இருப்பவர்கள் வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று தூரத்திலிருந்து வந்தவர்கள். ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்காதவர், டயாலிசிஸுக்குக் காத்திருப்பவர், மூச்சுக்கே சிரமப்படுபவர். நடுராத்திரி புகை வந்தால் இவர்கள் மூன்றாவது மாடியிலிருந்து ஓடி இறங்க முடியாது. படிக்கட்டும் பெரும்பாலும் ஒன்றுதான், அதுவும் குறுகல். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி. வயர்தான் காரணம் என்று சொல்லவில்லை. தீ எட்டாத மாடியிலும் புகை ஆளைக் கொல்லும் என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. படிக்கட்டு, வராந்தா, டக்ட் (கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறும் செங்குத்து வழி), ஃபால்ஸ் சீலிங் ஆகிய இடங்களில் எச்எஃப்எஃப்ஆர். அறைக்குள் சுவரில் புதைத்துப் பூசிவிடும் பைப்புகளில் எஃப்ஆர்எல்எஸ். அதற்குக் கீழே இறங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: நாம் வயர் இழுக்கும் பைப்பே பிவிசிதான். எச்எஃப்எஃப்ஆர் வயரை வாங்கி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் பிவிசி பைப்பில் ஓட்டினால் பைப் எரிந்து அதே அமிலப் புகை வரும். சிமெண்டுக்குள் புதைந்த பைப் பரவாயில்லை. வெளியே ஓடும் இடத்தில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடச் சொல்லுங்கள். எச்எஃப்எஃப்ஆர் உறை பிவிசி அளவுக்கு வழுக்காது, வளைவு அதிகமான பைப்பில் முரட்டுத்தனமாக இழுத்தால் உரசிப்போகும். பைப் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும்.

அடுத்தது டக்ட். கீழே மீட்டர் போர்டிலிருந்து மாடிகளுக்கு ஏறும் மெயின் கேபிள்கள் ஒரே கட்டாகப் போகும். ஒற்றை விறகு தானாக அணைந்துவிடும், நாலு விறகைச் சேர்த்து வைத்தால் அடுப்பு எரியும், கேபிளும் அப்படித்தான். அதனால் கட்டாக வைத்துச் செய்யும் சோதனை தனியாக இருக்கிறது: ஐஇசி 60332-3 என்ற சர்வதேசத் தரம். அதில் ஏ பிரிவு, ஒரு மீட்டர் நீளத்துக்கு 7 லிட்டர் எரியக்கூடிய பொருள் வரும் அளவு கேபிளை அடுக்கி 40 நிமிடம் தீ காட்டுவது. பி பிரிவு 3.5 லிட்டர், அதே 40 நிமிடம். சி பிரிவு 1.5 லிட்டர், 20 நிமிடம். கருகல் பர்னருக்கு மேல் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் டக்டில் நாலைந்து கேபிள்தான் போகும், சி பிரிவு போதும். ஏ பிரிவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, ஒவ்வொரு தளத்திலும் கேபிள் ஏறும் ஓட்டையைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்க அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். திறந்த டக்ட் புகைபோக்கியாகிவிடும்.

ஃபயர் அலாரத்துக்கும் படிக்கட்டு எமர்ஜென்சி லைட்டுக்கும் இந்த மூன்றுமே உதவாது. தீக்குள்ளும் கரன்ட் கடத்தும் மைக்கா சுற்றிய ஃபயர் சர்வைவல் கேபிள் வேண்டும்.

எந்த ரகம் வாங்கினாலும் சைஸ் குறைந்தால் எல்லாம் வீண். இங்கே தங்குபவர்கள் அறையிலேயே சமைப்பார்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பே ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும்; அதோடு ஏசி, கீசர். எல்லாவற்றையும் ஒரே ரெண்டரை எம்எம் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஏற்றாதீர்கள். ஏசிக்கு நாலு எம்எம், கீசருக்குத் தனி லைன், சமையல் பிளக்குக்குத் தனி லைன், ஒவ்வொன்றுக்கும் தனி எம்சிபி (கரன்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்), அறைகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்). சாதாரண பிவிசி வயரில் செம்பு 70 டிகிரி வரைதான் சூடாகலாம். நம் ஊர் கத்திரி வெயிலில் மொட்டைமாடி தளத்துக்குள் கிடக்கும் வயர் கரன்ட் ஓடுவதற்கு முன்பே பாதிக்கு மேல் சூட்டில் இருக்கும், மேல்மாடிக்கு ஒரு சைஸ் கூட்டிப் போடுவது நல்லது.

கடையில் வயர்த் துண்டை லைட்டரில் கொளுத்தி, அணைந்ததும் "பார்த்தீங்களா சார், எஃப்ஆர்எல்எஸ்" என்பார்கள். எஃப்ஆரும் அப்படியே அணையும்; அதை வைத்து ரகம் பிரிக்க முடியாது. வயர் மேல் அச்சிட்டிருக்கும் இந்தியத் தர எண்ணை வாசியுங்கள்: பிவிசி என்றால் ஐஎஸ் 694, எச்எஃப்எஃப்ஆர் என்றால் ஐஎஸ் 17048. ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை (லைசென்ஸ் எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனியின் லைசென்ஸ் என்று காட்டும். ஒவ்வொரு வயர்ச் சுருளுக்கும் பார்த்துவிட்டு பில்லில் ரகத்தின் பெயரை முழுதாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.