அதிர்வுப் பதிவில் இரைச்சல்: தணிப்பு ஏன் கூடுதலாக வருகிறது?

கேள்வி: ஐந்து மாடி கான்கிரீட் கட்டடத்தின் மொட்டைமாடியில் முடுக்கமானி வைத்து, நொடிக்கு 100 மாதிரி வீதம் 10 நிமிடம் பதிவு செய்தேன். 20 புள்ளி நகரும் சராசரியால் இரைச்சலைக் குறைத்து, 1024 புள்ளித் துண்டுகளாக அலைமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வரைபடம்) எடுத்தேன். 2.5 ஹெர்ட்ஸில் முகடு. அந்த முகட்டின் அகலத்திலிருந்து கணக்கிட்டால் தணிப்பு (அதிர்வு தானாக அடங்கும் அளவு) 3 சதவீதம் வருகிறது. 24 ஹெர்ட்ஸில் ஊசிபோல் இன்னொரு முகடு. எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த நகரும் சராசரியைக் கைவிடுங்கள். 20 புள்ளி என்றால் 0.2 நொடி, 5 ஹெர்ட்ஸில் அது எதையும் மிச்சம் வைக்காது. 2.5இல் வீச்சு 64 சதவீதமாகச் சுருங்கும். 7.5 பக்கம் இரண்டாவது அதிர்வுப் பாங்கு (கட்டடம் இயல்பாக ஆடும் இன்னொரு விதம்) இருந்தால் 21 சதவீதமே தேறும், அதுவும் குறி தலைகீழாக. சராசரி எடுக்க வேண்டியது துண்டுகளின் திறன் (வீச்சின் இருமடி) அலைமாலைகளை. வெல்ச் முறை அதைத்தான் செய்கிறது.

அதற்கு முன், பதிவின் நேர்கோட்டுச் சரிவை நீக்குங்கள். 0.3 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நான்காம் படி பட்டர்வொர்த் வடிகட்டியால் வெட்டுங்கள்; முன்னும் பின்னுமாக ஓட்டினால் கட்டம் (அலையின் நேர நிலை) நகராது. இரு முனையிலும் 10 நொடியை விட்டுவிடுங்கள். சென்சார் அருகே யாராவது நடந்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், அந்தத் துண்டையே தள்ளுங்கள்.

சிக்கல் தணிப்பில்தான். 1024 புள்ளி 10.24 நொடி. ஹான் விண்டோ (துண்டின் இரு ஓரத்தையும் மெல்லச் சுழியாக்கும் எடை) போட்டால், சுத்தமான ஒற்றை அதிர்வெண்கூட, திறன் முகட்டில் பாதியாகும் மட்டத்தில், 0.14 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும். உண்மைத் தணிப்பு 1 சதவீதம் என்றால் முகட்டின் அகலம் 2 × 0.01 × 2.5, அதாவது 0.05தான். நீங்கள் அளந்தது பெரும்பாலும் விண்டோவின் அகலம்: 0.14ஐ 2 × 2.5, அதாவது 5ஆல் வகுத்துப் பாருங்கள், 2.8 சதவீதம் வரும். இந்த எண்ணை வடிவமைப்பில் போட்டால் காற்றில் கட்டடம் ஆடும் அளவு குறைவாகக் கணக்காகும், அது ஆபத்து. 8192 புள்ளி எடுத்தால் விண்டோ அகலம் 0.018. ஆனால் 10 நிமிடத்தில் 7 முழுத் துண்டுதான் கிடைக்கும், அலைமாலையில் ஒவ்வொரு அதிர்வெண்ணின் மதிப்பும் சுமார் 38 சதவீதம் ஆடும். 40 நிமிடம் பதிந்தால் 29 துண்டு, ஆட்டம் 19 சதவீதம். துண்டுகளைப் பாதிக்குப் பாதி மேற்படிய வைத்தால் இன்னும் குறையும்.

24 ஹெர்ட்ஸ் என்பது நிமிடத்துக்கு 1440 சுற்று. தண்ணீர் மோட்டாரின் வேகம். அதை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பதியுங்கள். நிறுத்த முடியாவிட்டால் அந்த முகட்டைச் சுற்றி மட்டும் குறுகலாக வடிகட்டி, மதிப்புகளின் பரவலை வரையுங்கள். கட்டடத்தின் அதிர்வு மணி வடிவில் நிற்கும். மோட்டாருடையது நடுவில் பள்ளமாக, இரு ஓரத்திலும் கொம்போடு வரும்.

இன்னொன்றும் பாருங்கள்: சென்சாருக்குள் அனலாக் வடிகட்டி (மாதிரி எடுக்கும் முன்பே உயர் அதிர்வெண்களை வெட்டுவது) இருக்கிறதா? இல்லையென்றால், நொடிக்கு 100 மாதிரியே எடுப்பதால், 97.5 ஹெர்ட்ஸ் அதிர்வு உங்கள் பதிவில் 2.5ஆக வந்து உட்காரும். பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. நொடிக்கு 400 மாதிரி எடுத்து, வடிகட்டி, 100ஆகக் குறையுங்கள். அப்போதும் 2.5 இடம் மாறாமல் நின்றால் அது அப்படி வந்த போலி முகடு அல்ல.