ஷெர்லாக் ஹோம்ஸ் பாத்திரத்துக்கு நிஜ வாழ்க்கையில் முன்மாதிரி உண்டா?

உண்டு. முதன்மையானவர் எடின்பரோ அறுவை மருத்துவர் ஜோசப் பெல். ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் 1876 முதல் 1881 வரை அங்கே மருத்துவம் படித்தபோது, பெல்லின் புறநோயாளிகள் பிரிவில் எழுத்தராக இருந்து நோயாளிகளை உள்ளே அனுப்பினார். அவர்கள் வாய் திறக்கும் முன்பே பெல் பாதி கதையைச் சொல்லிவிடுவார்.

டாயில் தன் நினைவுக் குறிப்பில் பதிவுசெய்துள்ள ஒரு நிகழ்வு எனக்கு மிகவும் பிடித்தது. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, அண்மையில் ராணுவத்திலிருந்து விலகியவர், பார்படோஸில் பணியாற்றியவர் என்கிறார் பெல். மரியாதை தெரிந்த மனிதர், ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை. ராணுவப் பழக்கம் இன்னும் விடவில்லை. அவருக்கு இருப்பதோ யானைக்கால் நோய். அது பிரிட்டனில் வருவதன்று, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. ஹோம்ஸ் பேசும் முறை அப்படியே இதுதான்!

1892-இல் வெளியான முதல் ஹோம்ஸ் சிறுகதைத் தொகுப்பை டாயில் பெல்லுக்கே சமர்ப்பித்தார். பெல்லோ, ஹோம்ஸ் நீங்களேதான் என்று பதில் எழுதினார். அதிலும் நியாயம் இருக்கிறது: பிற்காலத்தில் ஜார்ஜ் எடல்ஜி, ஆஸ்கர் ஸ்லேட்டர் இருவரும் தவறாகத் தண்டிக்கப்பட்டபோது டாயிலே ஆதாரங்களை ஆராய்ந்து அவர்களுக்காகப் போராடினார்.

எடின்பரோ காவல்துறை மருத்துவர் ஹென்றி லிட்டில்ஜானின் சாயலும் ஹோம்ஸிடம் உண்டு. தடயவியல் நாட்டம் அவரிடமிருந்து வந்திருக்கலாம். 1893-இல் ஆர்ட்லமான்ட் கொலை வழக்கில் பெல், லிட்டில்ஜான் இருவருமே அரசுத் தரப்பில் சாட்சியம் அளித்தார்கள்.

கற்பனையில் முன்னோடி, எட்கர் ஆலன் போ 1841-இல் படைத்த துப்பறிவாளர் துப்பான்.