கீரைக்குள் ஏறும் காட்மியம்

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பெங்களூருவில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் வரும் தண்டுக்கீரை, இங்கே தண்டு சொப்பு என்பார்கள், கையகல இலைகளோடு அத்தனை செழிப்பாக இருக்கிறது. நகரச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து ஓடும் விருஷபாவதி ஆற்றின் ஓரத்து நிலங்களில் விளைந்தது என்று வண்டிக்கார அம்மாளே சொல்கிறார். உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைத்து அலசினால் அதிலுள்ள காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் போய்விடுமா?
– வாசகி, கெங்கேரி

பதில்: மண்ணும் பூச்சியும் போகும், உலோகம் முழுவதும் போகாது. காரீயம் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அது வேருக்குள் புகுந்தாலும் தண்டில் ஏறுவது குறைவு. கீரையில் காணப்படும் காரீயத்தில் நல்ல பங்கு சாலைப் புழுதியாகவும், நீர் பாயும்போது தெறித்த சேறாகவும் இலைமேல் படிந்ததாக இருக்கும். அதற்கு உங்கள் அலசல் பயன்படும். காட்மியத்தின் கதை வேறு. செடிக்கு இன்றியமையாத துத்தநாகத்தை அது குணத்தில் ஒத்திருப்பதால், துத்தநாகத்தையும் இரும்பையும் உள்ளே இழுக்க வேர் வைத்திருக்கும் அதே வழிகளில் நுழைந்து, நீரோடு மேலேறி, இலைத் திசுக்களில் தங்கிவிடுகிறது. அங்கே உப்பு நீர் எட்டாது. அடுப்பில் வேகவைத்தாலும் உலோகம் அழியாது.

செழிப்பைக் கண்டு தெம்படையவும் வேண்டாம். சாக்கடை நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. கீரை தளதளவென்று வளர அதுவே போதும். உண்பவருக்கு ஆகாத அளவு காட்மியம் இலையில் சேர்ந்த பின்னும் செடி வாடாமல் நிற்கக்கூடும். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு, ஒரு கிலோ கீரையில் 0.2 மில்லிகிராம் காட்மியத்தையே உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அந்த அளவை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. உடலுக்குள் போனது சிறுநீரகத்தில் தங்கி, பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஜப்பானில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீரில் விளைந்த அரிசியைப் பல்லாண்டுகள் உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்ததும், அதற்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டதும் இதனால்தான் இன்றும் பேசப்படுகின்றன.

என்றோ ஒருநாள் மசியல் செய்தீர்கள் என்பதற்காக அஞ்ச வேண்டாம். ஒரே நிலத்துக் கீரையை நாள்தோறும், அதுவும் குழந்தைகளுக்கு, கொடுப்பதைத் தவிருங்கள். வாங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதே நிலத்தில் விளைந்தாலும் சுரை, பூசணி, அவரை போன்றவற்றின் காய்க்கு வந்து சேரும் காட்மியம் கீரையைவிடக் குறைவு. வண்டிக்கார அம்மாளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்டதற்கு மறைக்காமல் சொன்னவர் அவர்.

கேள்வி: பிடதி அருகே, அதே விருஷபாவதி நீர் வந்து சேரும் பைரமங்கலா ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிரிடுகிறேன். மண்ணைச் சுத்தம் செய்ய வழி உண்டா?
– வாசகர், பிடதி

பதில்: உலோகம் மக்கிப் போவதில்லை. சூரியகாந்தி, கடுகு போன்றவற்றை வளர்த்து உறிஞ்சி எடுக்கலாம் என்பது உண்மையே ஆனாலும், அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அறுத்த செடியை மாட்டுக்கும் போட முடியாது, குப்பைக்குழியிலும் இட முடியாது. குத்தகைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன்.

முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதியுங்கள். மண் புளித்திருந்தால் காட்மியமும் நிக்கலும் எளிதாகக் கரைந்து வேருக்குப் போகும். சுண்ணாம்பு இட்டு பி.எச். அளவை 6.5-க்கு மேல் கொண்டுவந்து, மக்கிய தொழுவுரமும் சேர்த்தால் அவை பெருமளவு மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். ஆனால் ஆர்சனிக்கோ, முலாம் பூசும் பட்டறைக் கழிவில் வரும் ஆறு இணைதிறன் குரோமியமோ இருந்தால் சுண்ணாம்பு எதிர்விளைவையே தரக்கூடும். பரிசோதனையை முதலில் சொன்னது அதற்காகத்தான். முடிவு வரும்வரை கீரையும் கிழங்கும் போடாமல் செண்டுமல்லியோ சேவந்தியோ போடுங்கள்; கே.ஆர். மார்க்கெட்டில் பூவுக்கு எந்நாளும் ஆள் உண்டு.