கிரேக்கத் தாழியும் ஆளற்ற ஊரும்

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1819இல் எழுதிய 'கிரேக்கத் தாழி' கவிதையில், தாழியின் மேல் செதுக்கப்பட்ட காதலர்களுக்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. கலை மரணத்தை வெல்கிறது என்பதுதான் பொருள் என்றால், இறுதிப் பத்தியில் அந்தத் தாழியைக் 'குளிர்ந்தது' என்று கவிஞர் அழைப்பது ஏன்?

பதில்: கலை மரணத்தை வெல்கிறது என்பது இந்தக் கவிதையில் பாதிதான். அந்த வெற்றிக்காக எதை இழக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கீட்ஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் பத்தியில், காதலியின் இதழ்களை எட்டும் தறுவாயில் ஓர் இளைஞன் நிற்கிறான். நீ ஒருபோதும் அவளை முத்தமிடப் போவதில்லை, ஆயினும் வருந்தாதே, அவளும் வாட மாட்டாள் என்று கவிஞர் அவனைத் தேற்றுகிறார். முத்தம் கிட்டாததும் அழகு அழியாததும் வெவ்வேறு செய்திகள் அல்ல. காலம் நின்றுபோனதால்தான் இரண்டும் நேர்கின்றன. அடுத்த பத்தியில் 'மகிழ்ச்சி'யைக் குறிக்கும் ஒரே சொல் ஆறு முறை வருகிறது. அந்த மகிழ்ச்சியை முழுமையாக நம்ப முடியாமல், திரும்பத் திரும்பச் சொல்லித் தமக்குத் தாமே உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்றே நான் அதைப் படிக்கிறேன். ஏனெனில் அதே பத்தி, மனிதக் காதல் விட்டுச் செல்லும் கொதிக்கும் நெற்றியிலும் வறண்ட நாவிலும் போய் முடிகிறது. மருத்துவம் பயின்றவரும், காசநோயால் நலிந்த தம்பி டாமை 1818 டிசம்பரில் அவர் இறக்கும்வரை அருகிலிருந்து கவனித்துக்கொண்டவருமான ஒருவர் அடுத்த ஆண்டே எழுதிய வரி அது.

உங்கள் கேள்விக்கான விடை, பலரும் விரைந்து கடந்துவிடும் நான்காம் பத்தியில் இருக்கிறது. மாலை சூட்டிய கிடாரி ஒன்றைப் பூசாரி பலிக்கு அழைத்துச் செல்கிறார், மக்கள் பின்தொடர்கிறார்கள். இவர்கள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டவர்கள் என்று கவிஞர் கேட்கிறார். அந்த ஊர் ஆற்றங்கரையில் இருக்கலாம், கடலோரத்தில் இருக்கலாம், மலைமேலும் இருக்கலாம். தாழியில் அது செதுக்கப்பட்டிருந்தால் இப்படி ஊகிக்க வேண்டிய தேவையே இருக்காது. ஊர்வலம் கல்லில் உறைந்துவிட்டதால் அம்மக்கள் ஒருநாளும் வீடு திரும்ப மாட்டார்கள். தெருக்கள் என்றென்றும் மௌனமாகவே கிடக்கும். ஊர் ஏன் வெறிச்சோடியது என்று சொல்வதற்குக்கூட ஓர் உயிர் மீண்டு வராது. ஊர்வலத்தைச் சாவிலிருந்து காத்த அதே கலை, யார் கண்ணிலும் படாத ஓர் ஊரைப் பாழாக்கிவிட்டது. இதை எண்ணிப் பார்த்த பிறகுதான் கவிஞரின் வாயிலிருந்து 'குளிர்ந்தது' என்ற சொல் வருகிறது. அது சலவைக்கல்லின் குளிர்ச்சி மட்டுமன்று. பண்டைய உலகில் இறந்தவர்களின் சாம்பலைச் சேமித்து வைத்ததும் இத்தகைய கலங்களில்தான் என்பதை நினைத்துக்கொண்டால், பிணத்தின் குளிர்ச்சியும் அதில் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் அந்தச் சொல்லை வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுமை இந்தத் தலைமுறையை அழித்த பின்னும், வேறு துயரங்களுக்கு நடுவே நீ மனிதனுக்குத் தோழனாக நிலைத்திருப்பாய் என்று உடனே அதே தாழியிடம் அவர் கூறுகிறார். அழகே உண்மை, உண்மையே அழகு என்ற புகழ்பெற்ற கூற்று அந்தத் தோழன் சொல்வதாகவே வருகிறது. அழியும் தலைமுறையில் தம்மையும் சேர்த்துத்தான் கீட்ஸ் எழுதினார்; 1821 பிப்ரவரியில் ரோம் நகரில், தம்பியைக் கொண்டுபோன அதே நோயால் அவர் இறந்தபோது அவருக்கு வயது 25.