சங்கச் செயலாளர் பிரதேச சபைக்கு நின்றால்

தம்பி, முல்லைத்தீவின் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்கு நிற்கச் சொல்லி, நீங்கள் செயலாளராக இருக்கும் கடற்றொழிலாளர் சங்கத்தார் கேட்கிறார்கள், ஆனால் "கடற்றொழில் செய்கிறவர்களைக் கட்சிகள் வாக்குக்கு மட்டுமே தேடும்" என்று அப்பா தடுக்கிறார் என எழுதியிருந்தீர்கள். அப்பாவின் கசப்பு நியாயமானதே. ஆனாலும் நில்லுங்கள்.

2018 முதல் உள்ளூராட்சித் தேர்தலில் உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரத்தில் நேரடியாகவும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலும் தெரிவாகிறார்கள். கரையோர வட்டாரத்தில் உங்களை அறிந்தவர்களே வாக்களிப்பார்கள். கட்சி இடம் தராவிட்டால் சுயேச்சைக் குழுவாகவும் இறங்கலாம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: இழுவைப் படகுகளை நிறுத்துவேன் என்று மேடையில் சொல்லாதீர்கள். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழில் 2017 இலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அதை நடைமுறைப்படுத்துவது கடற்றொழில் திணைக்களமும் கடற்படையும். சபையின் கையில் இருப்பவை உள்வீதி, சந்தை, வடிகால், தெருவிளக்கு. இறங்குதுறைக்குப் போகும் வீதிக்கு விளக்குப் போடுவேன் என்று சொல்லுங்கள்; விடியமுன் மீன் கூடை சுமக்கும் பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

அடுத்த படியான வட மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. நாடாளுமன்றம் என்றால் வன்னித் தேர்தல் மாவட்டம் முழுவதும் வாக்குக் கேட்கவேண்டும்: மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, ஆறே ஆசனங்கள். வவுனியாவுக்குக் கடலே இல்லை! முத்தையன்கட்டுக் குளத்து நீரை நம்பி விதைக்கிறவரின் கவலையும் உங்கள் வாயில் வரவேண்டும். இப்போதே வயல்காரர்களோடு பழகத் தொடங்குங்கள்.

சங்கக் கணக்குப் புத்தகத்தை மட்டும் வேட்புமனுவுக்கு முன் முறையாக ஒப்படைத்துவிடுங்கள்.