வீட்டு நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 4 டிபி போட்டால் படங்கள் அழிந்துவிடுமா?

அழியாது. ஆனால் "ரெய்டு 1 இருக்கிறது, அதனால் தனி நகல் எடுக்கவில்லை" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் பதில் எழுத வந்தேன். ரெய்டு 1 இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும். கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். அது பேக்கப் ஆகாது. முதலில் ஒரு யூ.எஸ்.பி. டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, அதில் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். அப்புறம் பெட்டியில் கை வைக்கலாம்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது ஓடெல்லாம் பறந்து, பரணில் இருந்த ஆல்பங்கள் ஊறி ஒட்டிக்கொண்டன. மிஞ்சியதை ஸ்கேன் செய்து வைக்கத்தான் இந்தப் பெட்டியே வாங்கினேன். "கிளவுடில் போடாமல் இதெல்லாம் எதற்கு" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: படங்கள் அங்கேயும் இருக்கின்றன. கல்யாண வீடியோக்களையும் ஏற்றினால் மாத வாடகை கட்டி மாளாது.

டிஸ்க் நிரம்பியதும் புதுச்சேரியில் ஒரு கடையில் கேட்டேன். "சார், பழைய பெட்டி, 2 டிபிக்கு மேல எடுக்காது, புதுசு வாங்கிடுங்க" என்றார். முழுப் பொய் இல்லை. டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு துண்டுகளான 512 பைட் செக்டார்களை 32 பிட் எண்ணால் எண்ணும் பழைய முறை சுமார் 2.2 டிபியோடு நின்றுவிடும். ஆனால் என் பெட்டிக்குப் பொருந்தும் டிஸ்க்குகளின் பட்டியலைத் தயாரிப்பாளரே போட்டிருக்கிறார், அதில் 4 டிபி இருந்தது. போனில் காட்டினேன். உடனே பேச்சு "பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்" என்று திரும்பியது. பில் இல்லாமல் வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது? வேறு கடையில் வாங்கினேன்.

வாங்கும்போது சி.எம்.ஆர். வகையா (தகவல் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும்) என்று பாருங்கள். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றைத் திருத்த, பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். ரீபில்டு நேரத்தில், அதாவது மிச்சமிருக்கும் டிஸ்க்கில் உள்ளதைப் பெட்டி புதியதில் எழுதும்போது, இது இழுத்தடிக்கும். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளும் இந்த வகைதான் என்பது 2020-இல் வெளியே வந்தது.

உங்களுடையதும் இரண்டு டிஸ்க் பெட்டிதானே. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் எதில் பழுதான செக்டார் அதிகமோ அதை முதலில் கழற்றுங்கள். புதியதைப் போட்டு, ரீபில்டு முடிந்த பிறகே அடுத்தது. இரண்டும் மாறியதும் வால்யூமை, அதாவது படங்கள் இருக்கும் சேமிப்பு இடத்தை, பெரிதாக்கச் சொல்ல வேண்டும், அதுவரை பழைய அளவுதான் காட்டும். ரீபில்டு ஓடும்போது மிச்சமிருக்கும் ஒரே டிஸ்க்கை முழுதும் படிக்கிறது. அது அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டால்? தனி நகல் என்று நான் கத்துவது இதற்காகத்தான். யூ.பி.எஸ். கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

ஒற்றை டிஸ்க் பெட்டி என்றால் கதை வேறு. சிலவற்றில் இயங்குதளமே அந்த டிஸ்க்கில்தான் இருக்கும், வெற்று டிஸ்க் போட்டால் பெட்டி எழுந்திருக்காது.

கல்யாண வீடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. அக்கா மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர், முன்பணத்தை மண்டபத்து வாசலிலேயே வாங்கிக்கொண்டார். குழந்தைக்குக் காது குத்தியாகிவிட்டது, ஒரிஜினல் இன்னும் வரவில்லை. கேட்டால் "சிஸ்டம்ல ஏதோ பிரச்சினை சார்" என்கிறார். இவர்களெல்லாம் இரண்டாவது நகல் வைக்கிறார்களா என்றே சந்தேகம்.

சரி, கழற்றிய பழைய டிஸ்க்கை அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள். என்னுடையது விருத்தாசலத்தில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. 4 டிபி போட்டும் 3.63 தான் காட்டுகிறது என்று பதறவும் வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, பெட்டி 1024 ஆக எண்ணுகிறது. இந்த விஷயத்தில் மட்டும் கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.