திருக்கடையூர் அறுபதாம் கல்யாணம்: வீடு எடுத்துத் தங்கலாமா?

கேள்வி: பிப்ரவரி 20 அன்று அப்பாவுக்கு 60 வயது நிறைகிறது. திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி செய்ய இருக்கிறோம். மொத்தம் 11 பேர். அப்பத்தாவுக்கு 84 வயது, முழங்கால் வலி, வெளியில் கை நனைக்க மாட்டார், சுத்த சைவம். குழந்தைகளுக்குக் கடலும் மீனும் வேண்டும். தம்பி குடும்பம் சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கிறது. ஹோட்டல் அறைகளுக்குப் பதிலாக, சமையலறையோடு ஒரு முழு வீட்டை 5 நாள் எடுக்கலாமா? எந்த ஊரில் எடுப்பது, என்னென்ன விசாரிப்பது? (ஒரு வாசகி, கோவை)

பதில்: தாராளமாக எடுக்கலாம். உங்கள் குடும்பத்துக்கு வீடுதான் சரிப்படும். ஆனால் வீடு தேடுவதற்கு முன் தேதியை உறுதி செய்யுங்கள். நீங்கள் சொல்லியிருப்பது ஆங்கிலப் பிறந்தநாள். இந்தச் சடங்கை அப்பா பிறந்த தமிழ் மாதத்தில் அவருடைய நட்சத்திரம் வரும் நாளில்தான் செய்வது வழக்கம். மாசி என்றால் மாசிக்குள் எந்த நாளாகவும் அது இருக்கலாம், பிப்ரவரி 20-லிருந்து ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப் போகலாம். ஜாதகத்தைப் பார்த்து, கோயில் குருக்களிடம் பேசி நாளைக் குறித்த பிறகே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, தேதி மாறியதும் திரும்ப வாங்க முடியாமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80-ஐ ஒட்டி சதாபிஷேகம் என்று எல்லாவற்றுக்கும் இதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள். நல்ல முகூர்த்த நாளில் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடும் காலியாக இருக்காது.

எந்த ஊர்? என்னைக் கேட்டால் தரங்கம்பாடி. திருக்கடையூரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர்தான். விடிகாலையில் கால் மணி நேரத்தில் கோயிலில் இருக்கலாம். மயிலாடுதுறையில் கடை, ஆஸ்பத்திரி, ரயில் எல்லாம் கைக்கெட்டும், ஆனால் கடல் இல்லை. காரைக்காலிலும் வீடுகள் கிடைக்கும், கோயிலுக்குத் தூரம் கூடிவிடும்.

தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே கடல் தின்றுவிட்ட ஊர் அது. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி, ஏசி, குழாய் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி எடுத்தால் வாடகையும் குறையும், வீடும் உருப்படியாக இருக்கும். கடற்கரைக்கு ஐந்து நிமிட நடைதான். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் அந்த நடையிலேயே வந்துவிடும். குழந்தைகளைக் கரையில் கால் நனைக்க மட்டும் விடுங்கள். அலை அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளிழுப்பு அதிகம், நீந்துவதற்கான கடல் இல்லை.

பிப்ரவரி நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் புயலும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சம்பா அறுவடை நடக்கும் நேரம் என்பதால் கிராமத்துச் சாலைகளில் நெல்லையும் வைக்கோலையும் காயப்போட்டிருப்பார்கள். இருட்டில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். வாடகைக்கு விடும் வீடுகளின் படங்களில் திண்ணையும் முற்றமும் ஊஞ்சலும்தான் இருக்கும். உங்களுக்கு அதைவிடத் தண்ணீர்த் தொட்டி முக்கியம். சடங்கு நாளில் 11 பேரும் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து அடுத்தடுத்து தலைக்குக் குளிப்பீர்கள். ஓர் ஆளுக்கு 60, 70 லிட்டர் என்று வைத்தாலும் குளியலுக்கே சுமார் 700 லிட்டர் போய்விடும். மேலே 500 லிட்டர் தொட்டி இருந்து, அந்த நேரம் கரண்டும் இல்லாவிட்டால் மோட்டாரும் ஓடாது. சில வருடங்களுக்கு முன் நான் நேரில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரு வீட்டில் இதுவே நடந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்க வேண்டிய பெரியவர் சோப்பு நுரையோடு பாத்ரூமில் காத்திருந்தார், பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தோம். அதிலிருந்து எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் மாடியேறித் தொட்டியைத்தான் பார்க்கிறேன். 1,000 லிட்டராவது இருக்க வேண்டும். முந்தின நாள் இரவு படுக்கும் முன் அதை நிரப்பி வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சொன்னால், அதில் எவையெவை ஓடும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் ஓடும்.

அப்புறம் குடிநீர். கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். அதில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மலராது, காபி டீயும் கெட்டுவிடும். 20 லிட்டர் கேன் தண்ணீரைக் குடிக்க மட்டுமில்லாமல் சமையலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 11 பேருக்கு நாளைக்கு இரண்டு மூன்று கேன் ஆகும். கேன் போடுபவரின் நம்பரை வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

'சமையலறை உண்டு' என்ற ஒரு வரியை நம்பாதீர்கள். சில வீடுகளில் ஒற்றை அடுப்பும் நாலு தட்டும்தான் இருக்கும். எத்தனை பர்னர், எத்தனை லிட்டர் குக்கர், இட்லிப் பானை, மிக்ஸி, ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள். கிரைண்டர் பெரும்பாலும் இருக்காது, மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சிலிண்டர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தீர்ந்தால் மாற்று உண்டா என்பதையும் கேளுங்கள். அந்தத் தெருவிலேயே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா கிடைத்தால் இன்னும் நல்லது. அவருக்கான கூலியை வீட்டுக்காரரின் வாடகையில் சேர்க்காமல் நீங்களே அவர் கையில் கொடுங்கள்.

அப்பத்தாவுக்காக வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீட்டில் திண்ணைக்குப் படி, அப்புறம் நிலைப்படி, ரேழி தாண்டினால் முற்றத்தில் ஓர் இறக்கம், கடைசியில் கொல்லையில் கழிப்பறை. வலிக்கிற முழங்காலோடு ராத்திரியில் அந்தத் தூரம் போவது ஆபத்து. அவர் படுக்கும் அறையை ஒட்டியே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு அழகான வீடானாலும் விட்டுவிடுங்கள். முற்றத்துத் தரை ஈரத்தில் வழுக்கும், ஒரு மிதியடி போடச் சொல்லுங்கள். கொசுவலையும் கேளுங்கள். ஆறும் வாய்க்காலும் வயலுமாக இருக்கிற பூமி, பனிக்காலத்திலும் கொசு குறையாது.

தம்பி குடும்பத்தைப் பற்றி முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்களைத் தங்க வைத்தால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை அரசிடம் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும் (முன்பு இதை 'சி படிவம்' என்பார்கள்). அது வீட்டுக்காரரின் பொறுப்பு. 'அதெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்' என்று பதில் வந்தால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்லி, வீடியோ காலுக்கு மட்டும் சாக்குச் சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ரத்து விதி, திருப்பித் தர வேண்டிய டெபாசிட், கரண்ட் பில் யார் தலையில் என்ற மூன்றையும் வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். கரண்ட் தனி என்றால், போய் இறங்கியதும் மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

மீன் விஷயம். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதனால் பிப்ரவரியில் மீனுக்குக் குறை இருக்காது. ஆனால் அக்ரஹாரத்து வீடுகளிலும் வேறு சில வீடுகளிலும் அசைவம் சமைக்க விட மாட்டார்கள். முதல் போனிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும் சடங்கு முடியும் வரை மீன் வேண்டாம். அதற்கு மறுநாள் காலையில் கரைக்குப் போய் வாங்கி, அந்த அக்காவையே குழம்பு வைக்கச் சொல்லுங்கள். கொல்லையில் தனி அடுப்பு இருந்தால் இன்னும் சௌகரியம். மீன் ஆக்கிய சட்டியில் அப்பத்தாவுக்குச் சமைக்க முடியாது, வாடகை வீட்டில் எந்தச் சட்டியில் என்ன வெந்தது என்றும் தெரியாது. அவருக்கென்று ஒரு சின்ன குக்கர், ஒரு வாணலி, ஒரு தட்டு, டம்ளர் எல்லாம் கோவையிலிருந்தே எடுத்து வந்துவிடுங்கள்.